பாத்ரிகாட் மாதா

குருபிரசாத் கை வைத்த எந்தக் கட்டடமும் கல்யாண மண்டபமாகிவிடும். நியூ டவுனில் அவன் அலங்கரித்த அடுக்குமாடிகளில் நுழையும்போதெல்லாம், பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாக யாராவது நிற்கிறார்களா என்று என் கண் தேடும். என் கணவர் லக்ஷ்மிநாராயணனுக்குச் சித்தப்பா பிள்ளை அவன். இருபது வருடத்துக்கு மேலாகக் கொல்கத்தாவில் கான்ட்ராக்ட் எடுக்கிறான். இன்றுவரை தூணுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டும் உருண்டையாக, நெட்டுக்குத்தாக நிற்கின்றன. அவனுக்கு அது போதும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜாதவ்பூர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"மன்னி, ஒரு சர்ச் வேலை கெடச்சிருக்கு. பாத்ரிகாட்னு ஒரு ஊர். ரொம்பப் பழசு. மொத்தமா மாத்தப் போறோம். நீங்க ஒரு தடவை வந்து பாத்து, பில்டிங் தாங்குமான்னு மட்டும் சொல்லணும்."

அவனுக்காகக் கலந்த காபியை நானே குடித்துவிட்டேன்.

பழைய கட்டடங்களைச் சோதித்து எது நிற்கும், எது விழும் என்று சொல்வதுதான் என் தொழில். மாதங்கி மேடம் என்றால் இந்த ஊர் எஞ்சினியர்களுக்குக் கொஞ்சம் பயம் உண்டு, அது எனக்குப் பிடிக்கவும் செய்யும். சாமி விஷயத்தில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஒழுங்காகக் கட்டிய சுவர் என்றால் கும்பிடுவேன். பாத்ரிகாட் கோவிலை மாணவியாக இருந்தபோது அளந்து வரைந்திருக்கிறேன். அதற்கப்புறம் வங்கிகள், ஜமீன் மாளிகைகள், ரயில் நிலையங்கள் என்று எத்தனையோ பார்த்தாகிவிட்டது. எல்லாம் அதற்கு ஒரு படி கீழேதான்.

சாந்த்ராகாச்சியில் லோக்கல் பிடித்தால் ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து டோட்டோ என்கிற பேட்டரி ஆட்டோவில் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். ஒரு கடைத்தெரு, ஒரு செங்கல் சூளை, எந்த வங்காள ஊரிலும் இருப்பதுபோல் தேவைக்கு மேல் இனிப்புக் கடைகள், கடைசியில் அந்தக் கோவில். யாரோ ஒரு வெளிநாட்டுப் பாதிரி தன் ஊர்க் கோவிலை ஞாபகத்திலிருந்து தாளில் கிறுக்கிக் கொடுத்திருக்கிறார். இங்கிருந்த கொத்தனார்கள் அந்தக் கிறுக்கலைத் தங்களுக்குத் தெரிந்ததாக மாற்றிக்கொண்டுவிட்டார்கள். கல் கிடைக்காத பூமி, அதனால் எல்லாமே செங்கல். இரண்டு விரல் கனமுள்ள சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் குழைத்த சாந்தில் அடுக்கி மூன்றடிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தூண்களும் செங்கல்தான். மேலே ஈரச் சாந்தைப் பூசி, வளைவு வெட்டிய பலகையை அதன்மேல் ஒரே இழுப்பாக இழுத்து விளிம்புகளை எடுத்திருக்கிறார்கள். இழுத்த கை எந்த இடத்தில் தயங்கியது என்பது பக்கவாட்டு வெயிலில் இன்னும் தெரியும். ஜன்னல்களில் சாய்பட்டைக் கதவுகள். பட்டையைத் திருப்பினால் ஆற்றுக் காற்று வரும், வெயில் வராது. குருபிரசாத்தாக இருந்தால் அங்கே கண்ணாடியைப் போட்டு அடைத்து, உள்ளே வேகிறது என்று ஏசி வைத்திருப்பான்.

பீடத்துக்குப் பின்சுவரில் மாதா. சிலை என்று சொன்னால் தப்பு. நம் கோபுரங்களில் இருக்கிற மாதிரி சுதை வேலை. சுவர் எழும்பும்போதே செங்கற்களை வெளியே நீட்டிவிட்டு, அதையே எலும்பாக வைத்து, சுண்ணாம்பை அடுக்கடுக்காக ஏற்றி, கடைசிப் பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். சுவர் எங்கே முடிந்து அவள் எங்கே ஆரம்பிக்கிறாள் என்று விரலால் தடவித் தேடினாலும் கிடைக்காது. துர்க்கை பொம்மை செய்கிற கை எதுவோ செய்திருக்க வேண்டும். கண் இரண்டும் காதைத் தொடப் பார்க்கின்றன. மோவாய்க்குக் கீழே லேசாக ஒரு மடிப்பு. மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்த வங்காளி அம்மாள் முகம். காலடியில் பாம்பை மிதித்துக்கொண்டிருக்கிறாள், அந்தப் பாம்பு படமெடுத்திருக்கிறது. படமெடுக்காத பாம்பை அந்த ஆளால் யோசிக்கவே முடியவில்லை. மிதிபடுகிற பாம்பின் செதில்களைக்கூட ஒவ்வொன்றாகச் செதுக்கி வைத்திருக்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

இதைத்தான் மொத்தமாக மாற்றப் போகிறார்களாம்.

பணம் போடுகிறவர் பிரிட்டோ. தூத்துக்குடிக்காரர், கப்பல் ஏஜென்சி வைத்திருக்கிறார், நியூ டவுனில் குருபிரசாத் இருக்கிற அதே அடுக்குமாடியில் வீடு. ஏதோ ஒரு கப்பல் புயலில் மாட்டிக்கொண்டபோது பாத்ரிகாட் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாராம். கப்பல் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. கேடு காலம் மாதாவுக்கு வந்தது.

முதல் நாள் கோவிலுக்குள் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். தரைக்கு டைல்ஸ். தூண்களுக்குக் கிரானைட் சட்டை. முகப்பின் உச்சியில் ஃபைபரில் ஒரு மகுடம், அதில் இரண்டு தேவதூதர்கள், தேவதூதர்களுக்குள்ளே விளக்கு. மாதா இருக்கிற இடத்தில் வெள்ளைச் சலவைக்கல் மாதா. போனில் படம் காட்டினார். ஷாம்பு விளம்பரத்துக்கு நின்றுவிட்டு நேராக வந்தவள் மாதிரி இருந்தாள்.

"பாத்தியளா மேடம், மூஞ்சி எப்படி மஞ்சப் பூத்துக் கெடக்குன்னு. மாதான்னா வெள்ள வெளேர்னு இருக்க வேண்டாமா? பாத்தவுடனே நமக்கு ஒரு இது வரணும்லா?"

"அது மெழுகுவத்திப் புகை. பஞ்சால ஒத்தி எடுத்தா ஒரு வாரத்துல போயிடும்" என்றேன்.

"புகை போயிரும் மேடம். மூஞ்சி அப்படியேதான இருக்கும்?"

பக்கத்தில் நின்ற பங்குத் தந்தை ஃபாதர் சுபீரைப் பார்த்தேன். அவர் பிரிட்டோ சொன்னதற்கும் தலையாட்டினார், நான் சொன்னதற்கும் தலையாட்டினார். ரொம்ப நல்ல மனிதர். வங்காளத்தில் இடிந்த கட்டடங்களில் பாதி இப்படிப்பட்ட நல்ல மனிதர்களால் இடிந்தவை.

நான் சும்மா இருக்கவில்லை. அவளைச் சுவரிலிருந்து பெயர்த்தால் மேலே இருக்கிற வளைவும் தளர்ந்துவிடும் என்று வரைபடத்தோடு விளக்கினேன். "பின்னால ஒரு இரும்பு பீம் குடுத்துடலாம் மன்னி" என்றான் குருபிரசாத். அவன் வாழ்க்கையில் எல்லாக் கேள்விக்கும் பதில் இரும்பு பீம்தான். பழங்கட்டடங்களைப் பாதுகாக்கிற அலுவலகத்துக்கு அலைந்தேன். கோவில் பட்டியலில் இல்லை என்றார்கள். பட்டியலில் சேருங்கள் என்றேன். பட்டியலில் இல்லாததைப் பற்றி மனு வாங்குவதில்லை என்றார்கள். கடைசியில் பங்கு மக்கள் கூட்டத்தில் போய் நின்று, எனக்குத் தெரிந்த அத்தனை நல்ல வங்காளி வார்த்தைகளையும் செலவழித்துப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள். டீ கொடுத்தார்கள். அப்புறம் பிரிட்டோவின் போன் கை மாறிக் கை மாறிப் போயிற்று. வெள்ளைச் சிலையைப் பார்த்த ஒரு பெண்மணி, "எவ்வளவு சுத்தமாக இருக்கிறாள்" என்றாள். சுத்தம்! என்னவோ இத்தனை வருடமாக மா மரியா குளிக்காமல் நின்றுகொண்டிருந்த மாதிரி. எல்லோரும் கை தூக்கினார்கள்.

"அவாளுக்குப் பிடிச்சதை அவா பண்ணிக்கறா. நோக்கென்ன?" என்றார் என் கணவர். முப்பது வருடம் வங்கியில் உட்கார்ந்தவர். அவரிடம் போய்ச் சுண்ணாம்பைப் பற்றி என்ன பேசுவது?

துர்க்கா பூஜை முடிந்ததும் வேலை ஆரம்பித்தது. டைல்ஸ் வந்தது. தூண்களுக்குச் சட்டை மாட்டினார்கள். நவம்பரில் முகப்பின்மேல் அந்த மகுடம் ஏறியது. டோட்டோவில் வரும்போது தெருக்கோடியிலேயே தெரிந்தது. ஒருமுறை என்னோடு வந்த சக பயணி யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். நான் குருபிரசாத்துடன் பேசுவதை நிறுத்தினேன். அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் மகுடத்தின் படத்தை அனுப்பி, கீழே கும்பிடும் கைகளைப் போட்டிருந்தான்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். வங்காளி மொழியில் தலைக்குப் பெயர் மாதா. மரத்தின் உச்சி, தூணின் உச்சி, வீட்டின் உச்சி எல்லாமே மாதாதான். தாய் என்கிற மாதாவுக்கும் இதற்கும் ஒரே ஒரு மூச்சுதான் வித்தியாசம். கடைசி எழுத்தோடு வாயிலிருந்து கொஞ்சம் காற்று வந்தால் தலை, வராவிட்டால் தாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவதால், தலையை மட்டும் மாத்ஹா என்று எழுதுகிறேன். உள்ளூர்க்காரர்களுக்கு இதில் குழப்பமே இல்லை, அவர்களுக்கு அவள் மா மரியா. மாதா என்று சொல்லிக்கொண்டு வந்தவர் பிரிட்டோ. அவரிடமிருந்து குருபிரசாத் பிடித்துக்கொண்டான். அவனிடமிருந்து வேலையாட்களுக்கு ஒட்டிக்கொண்டது. குருபிரசாத்தின் வங்காளியில் காற்று என்பதே கிடையாது. டாக்சி காலியா என்று காற்றில்லாமல் கேட்பான், அது காளியா என்று விழும், ஓட்டுநர் முன்னால் ஒட்டியிருக்கும் காளி படத்தைக் காட்டுவார். இந்த ஊரில் இத்தனை வருடம் சம்பாதித்தவன், இந்த ஊர் மொழிக்கு ஒரு மூச்சு செலவழிக்க மாட்டான். எனக்கு அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அதுதான்.

அந்த மகுடத்தை வேலையாட்கள் கோவிலின் மாத்ஹா என்றார்கள். நவம்பர் கடைசியில் அதைப் பார்த்த பிரிட்டோ, இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, இறக்கி நேராக வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே சுதை மாதாவை எடுக்கிற வேலையும் பாக்கி இருந்தது. டிசம்பர் எட்டாம் தேதி திருவிழா. அதற்குள் இரண்டும் முடிய வேண்டும்.

மாதாவைப் பெயர்க்கிற நாள் எது என்று என் கணவர் மூலம் எனக்குத் தெரியும். அதற்கு முன் கடைசியாகப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று போயிருந்தேன். துக்க வீட்டுக்குப் போகிற மாதிரிதான் போனேன். வெள்ளைச் சிலை வராந்தாவில் மரப் பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி நின்றது. பீடத்துக்கு முன்னால் சாரம் கட்டியாகிவிட்டது. மேஸ்திரி ஹசிபுல் முர்ஷிதாபாத்காரர். மூன்று நாளாக ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி இந்த வேலையைத் தள்ளிக்கொண்டிருந்தார். உளி மழுங்கிவிட்டது, பலகை போதவில்லை, ஆள் வரவில்லை. அவருக்கு மா மரியாவிடம் பக்தி ஒன்றும் இல்லை. அந்த முகத்தில் உளியை வைக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

மேற்பார்வைக்கு வர வேண்டிய குருபிரசாத் வழியில் எங்கோ நெரிசலில் மாட்டிக்கொண்டான். ஹசிபுலின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் டைல்ஸ் அறுக்கிற மிஷின் அலறிக்கொண்டிருந்தது.

"ஹசிபுல்! மாதா டா நாமியே தாவ்! ஆஜ்கே! புஜ்லே?"

மாதாவை இறக்கிவிடு, இன்றைக்கே, புரிந்ததா. அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

ஹசிபுல் போனைப் பார்த்தார். சாரத்துக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார். வாசல் வழியாக வெளியே முகப்பின் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக என்னிடம் வந்தார்.

"தீதி, பாபு என்ன சொன்னார்? மாதாவா, மாத்ஹாவா?"

அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். முதல் நாள் ராத்திரிகூட என் கணவரிடம், "நாளைக்கு மாதாவை எறக்கிட்டேன்னா நிம்மதி அண்ணா" என்று சொல்லியிருந்தான் குருபிரசாத். ஹசிபுல் மறுபடி போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போடவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாத்ஹா" என்றேன்.

ஜென்மத்தில் அந்த வார்த்தையை நான் அவ்வளவு காற்றோடு சொன்னதில்லை. எதிரே மெழுகுவர்த்தி இருந்திருந்தால் அணைந்திருக்கும்.

ஹசிபுலின் முகம் தெளிந்துவிட்டது. வெளியே போய்க் குரல் கொடுத்தார். ஏணிகள் முகப்புக்குப் போயின. குருபிரசாத் அந்த மகுடத்தைப் பசையும் போல்ட்டும் போட்டு இறுக்கியிருந்தான், முழுசாகக் கழற்ற முடியவில்லை. அறுத்துத்தான் இறக்கினார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு தேவதூதனின் தலையும் இன்னொருவனின் இறக்கையும் ஒயரோடு புல்லில் கிடந்தன. மகுடத்துக்கு அடியில் பழைய முக்கோண முகப்பு, சுண்ணாம்பு விளிம்புகளோடு, அங்கங்கே போல்ட் போட்ட துளை தவிரச் சேதமில்லாமல் அப்படியே இருந்தது. அதை இடித்துத் தள்ளியிருப்பான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சோம்பேறி, மேலேயே போட்டு மூடி வைத்திருக்கிறான்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பொய் சொல்லிவிட்டோமே என்று மனசுக்குள் தேடிப் பார்த்தேன். ஒரு உறுத்தலும் இல்லை. சந்தோஷமாக இருந்தது. அடுத்தவன் மொழியை மதிக்காத ஒருவனுக்கு அந்த மொழியே பாடம் புகட்டிவிட்டது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

குருபிரசாத் கத்திக்கொண்டு வருவான் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. முகப்பின் துளைகளை அடைக்கவும் வெள்ளையடிக்கவும் எல்லா ஆளையும் திருப்பிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். திருவிழாவுக்கு முன் மாதாவைத் தொட நேரமில்லை. ஆனால் இதெல்லாம் ஜனவரி வரைக்கும்தான். திருவிழா முடிந்ததும் சாரம் மறுபடி ஏறும், அது எனக்குத் தெரியும். நான் வாங்கியது ஒரு மாசம், அதற்கு மேல் இல்லை.

ஆனால் பிரிட்டோ என்று ஒருவர் இருக்கிறாரே. நடந்ததைக் கேட்டு அவர் இரண்டு நாள் குதித்தார். மூன்றாம் நாள் கண்ணீர் விட்டார். கான்ட்ராக்டர் மாதா என்றுதான் சொன்னார், வேலையாளின் காதில் மாத்ஹா என்று விழுந்திருக்கிறது. அப்படியானால் நடுவில் மாற்றியது யார்? மாதாவேதான். நான் இந்த இடத்தை விட்டுப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நேர்ச்சைக்கு அவள் கேட்டது இது இல்லை. இப்படி அவரே முடிவு கட்டி, ஃபாதர் சுபீரிடம் சொன்னார். ஃபாதர் தலையாட்டினார். ஊர் முழுக்கப் பரவியது. 'சுத்தமாக இருக்கிறாள்' என்று சொன்ன அந்தப் பெண்மணி, மா மரியாவின் கண் ஓரத்தில் ஈரம் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். டிசம்பரில் சுண்ணாம்புச் சுவரில் ஈரம் இல்லாமல் வேறென்ன இருக்கும்?

நான் மாசக்கணக்கில் வரைபடம் போட்டு, மனுக் கொடுத்து, தொண்டை கிழியப் பேசிச் சாதிக்க முடியாததை ஒரு முட்டாள்தனம் சாதித்துவிட்டது. அந்தச் சுவரின் அருமை ஒருத்தருக்கும் புரியவில்லை. ஆனாலும் சுவர் நிற்கும். அது போதும் என்று திருவிழாவுக்குப் போனேன்.

பூசை முடிந்ததும் வெளியே பந்தலில் மேடை. பிரிட்டோ இந்தியில் பேசினார், ஃபாதர் அதை வங்காளியில் திருப்பிச் சொன்னார். அற்புதத்தை விஸ்தாரமாக எடுத்துச் சொல்லிவிட்டு, முன்வரிசையில் இருந்த குருபிரசாத்தை எழுந்து நிற்கச் சொன்னார் பிரிட்டோ.

"மாதா யாருடைய நாக்கைக் கட்டிப்போட்டாள் தெரியுமா? இந்த ஐயருடைய நாக்கை. இவர் வாயில் தாயும் தலையும் ஒன்றுதான். எங்கே, மாத்ஹா என்று சொல்லுங்கள் பார்க்கலாம்!"

மைக்கை நீட்டினார். குருபிரசாத் மாதா என்றான். பந்தலே சிரித்தது. இன்னொரு தடவை என்றார் பிரிட்டோ. இன்னொரு தடவையும் மாதா என்றான். பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. மூன்றாம் தடவையும் சொல்ல வைத்தார், அப்போது வரவில்லை.

அடுத்து, கோவிலை ஒட்டிப் பள்ளிக்கூடம் கட்டித் தரப்போவதாகப் பிரிட்டோ அறிவித்தார். "ஆனால் மாதாவே வேண்டாம் என்று காட்டிவிட்ட ஆளுக்கு நான் எப்படி வேலை கொடுப்பேன்? வேறு ஆள் பார்த்துவிட்டேன்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். அந்தப் பள்ளிக்கூட வேலையை நம்பித்தான் குருபிரசாத் இந்தக் கோவிலையே லாபமில்லாமல் எடுத்திருந்தான். எங்கள் வீட்டில் உட்கார்ந்து தன் அண்ணாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். மேடையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிவிட்டு உட்கார்ந்தான்.

எழுந்து போய் மைக்கை வாங்கி, நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அற்புதம் போய்விடும். அற்புதம் போனால் மாதா போய்விடுவாள். பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளைச் சிலை ஃபாதரின் அறை வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டுப் பந்தலில் ஒரு மூலையாகப் போய் நின்றேன். குருபிரசாத் மைதாப் பூரி அடுக்கிய இரண்டு தட்டோடு வந்தான்.

"லூச்சியும் உருளைக்கிழங்கும்தான் மன்னி, தைரியமா சாப்பிடலாம். கேட்டுட்டுத்தான் வாங்கிண்டு வந்தேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு ஒன்று தள்ளினான். உட்கார்ந்தேன்.

"ஹசிபுல் அன்னிக்கே சொல்லிட்டான்" என்றான்.

"என்ன சொன்னான்?"

"தீதியைக் கேட்டுண்டுதான் அறுத்தேன்னான்."

தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் லூச்சியைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

"பின்னே ஏண்டா வாயை மூடிண்டு நின்னே? அந்த மனுஷன் உன்னை அவ்வளவு பேர் முன்னால..."

"சொன்னா என்ன ஆகும்? ஹசிபுலைத் துரத்துவார். உங்களைக் கன்னாபின்னான்னு பேசுவார். மறுநாளே அதை எறக்குன்னுவார். நீங்க அதுக்காக எத்தனை ஆபீஸ் ஏறி எறங்கினேள்னு நேக்குத் தெரியாதா?"

"உனக்கு அந்த மூஞ்சி பிடிக்கவே பிடிக்காதேடா."

"இப்பவும் பிடிக்கலை மன்னி. நேக்குக் கோணலாத்தான் தெரியறது. நன்னா உத்துப் பாத்துட்டேன், ஒண்ணும் தெரியலை." லூச்சியை வாயில் போட்டு மென்றான். "ஆனா நேக்குத் தெரியலேங்கறதுக்காக, அதுல ஒண்ணுமே இல்லேன்னு ஆயிடுமா? நீங்க சொன்னா இருக்கும்."

வெட்கமாக இருந்தது. அதைவிட எரிச்சலாக இருந்தது. பிரிட்டோ அந்தப் பக்கமாகக் கையலம்பப் போய்க்கொண்டிருந்தார். நான் எழுந்தேன்.

"எங்க போறேள்?"

"அவர்கிட்ட பேசிட்டு வரேன்."

குருபிரசாத் என் புடவைத் தலைப்பை எச்சில் படாத கையால் பிடித்துக்கொண்டான்.

"உக்காருங்கோ மன்னி. மாதா மாதான்னு மூணு தடவை மைக்ல சொன்னேனே, அதை வீணாக்கிடாதீங்கோ."

நான் உட்கார்ந்தேன்.